பிணை நிற்பவர் யார்?
முகமது யூனுஸின் நூலை முன்வைத்து ஒரு திறனாய்வு

முகமது யூனுஸ், ஆலன் ஜோலிஸ் என்பாரின் துணையோடு எழுதிய தன்வரலாற்று நூல் 1990களின் இறுதியில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. 'ஏழைகளின் வங்கியாளர்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். வங்கதேசத்தில் கிராமின் வங்கி தோன்றி வளர்ந்த வரலாறே நூலின் பொருள். ஆசிரியரும் அவ்வங்கியும் 2006ஆம் ஆண்டுக்குரிய அமைதி நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். 2024 ஆகஸ்டில் ஆசிரியர் தம் நாட்டின் இடைக்கால அரசுக்குத் தலைமை ஆலோசகராகப் பொறுப்பேற்றார். அவருடைய அரசியலை எடைபோடுவது நம் நோக்கமன்று. சமூக நெறியியல் வகுப்பில் மாணவரோடு அமர்ந்து இந்நூலை மறுபடியும் படித்தபோது, முதல் வாசிப்பில் நாம் கவனியாது கடந்துபோன ஓர் இடம் கண்ணிற்பட்டது. அவ்விடத்திலிருந்து நூல் முழுவதையும் பார்க்க முயல்கிறோம்.

நூலின் தொடக்கம் உயர்ந்தது. 1974இல் வங்கதேசத்தைப் பஞ்சம் வாட்டியது. சிட்டகாங் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்துவந்த யூனுஸ், வகுப்பறையில் தாம் விளக்கும் அழகிய கோட்பாடுகளுக்கும் வெளியே எலும்பும் தோலுமாய்க் கிடப்போருக்கும் தொடர்பேதும் இல்லையெனக் கண்டு மனங்குன்றினார். பல்கலைக்கழகத்தை அடுத்திருந்த ஜோப்ரா என்னும் சிற்றூருக்குள் நடக்கத் தொடங்கினார். அங்கே மூங்கிலால் முக்காலி செய்யும் ஒரு பெண்ணைச் சந்தித்தார். மூங்கில் வாங்கத் தேவைப்பட்ட 5 டாக்கா அவளிடம் இல்லை. அதை ஒரு வியாபாரியிடம் கடனாகப் பெற்று, செய்து முடித்த முக்காலியை அவனிடமே அவன் சொன்ன விலைக்கு விற்றாள். நாள் முழுவதும் உழைத்து அவளுக்கு மிஞ்சியது 50 பைசா. அவளைப் போன்றோரைக் கணக்கெடுத்தபோது 42 பேர் இருந்தனர். அத்தனை பேருக்கும் சேர்த்துத் தேவைப்பட்ட தொகை 856 டாக்கா. அந்நாளைய மதிப்பில் 27 டாலருக்கும் குறைவு. அத்தொகையை அவர் தம் பையிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். ஊழியத்திற்கு ஆயத்தமாகும் மாணவர் எவரும் இப்பகுதியைப் படியாமல் பட்டம் பெறலாகாது என்று சொல்லத் தோன்றுகிறது. கிராமத்தைப் பற்றி எழுதுவோர் பலர்; கிராமத்துக்குள் சென்று கணக்குக் கேட்போர் சிலரே.

தனிமனிதரின் கொடை நிலைக்காது என்றுணர்ந்த யூனுஸ், ஜனதா வங்கியின் உள்ளூர்க் கிளையை அணுகினார். பிணையாக வைக்க எதுவும் இல்லாதவருக்கு, படிவம் நிரப்பவும் தெரியாதவருக்கு, வங்கி எப்படிக் கடன் தரும் என்று மேலாளர் கேட்டார். மேலதிகாரிகளிடம் சென்றும், மாதக்கணக்கில் மடல் எழுதியும், இறுதியில் ஒரு வழி பிறந்தது. பேராசிரியரே பிணையாளியாக நின்றால் 10,000 டாக்கா வரை தரலாம் என்று வங்கி இசைந்தது. ஏழைகள் வாங்கிய கடனுக்கெல்லாம் யூனுஸ் கையெழுத்திட்டார்.

நாம் முன்பு கவனியாது விட்ட இடம் இதுவே. கிராமின் வங்கியின் முதல் அடிக்கல் ஏழைகளின் ஒற்றுமை என்றே இதுவரை மாணவருக்குச் சொல்லிவந்தோம். நூலின்படி அஃது அன்று. இழப்பதற்கு ஏதேனும் உடைய ஒருவர், இழப்பதற்கு ஒன்றுமில்லாதவருக்காகக் கையெழுத்திட்டதே முதல் அடிக்கல். 1979இல் திட்டம் டாங்காயில் மாவட்டத்துக்கு விரிந்தது. 1983இல் தனி வங்கியாயிற்று. இந்த வளர்ச்சியில் எங்கோ அந்தக் கையெழுத்து மறைந்துபோகிறது. அதன் இடத்தில் ஐந்து பெண்கள் அமர்த்தப்படுகின்றனர். பிணை நிற்பவர் மாறிய இந்நிகழ்ச்சியை ஆசிரியர் ஒரு பெரிய முன்னேற்றமாகக் கூறுகிறார். நமக்கோ அது நின்று கேட்கவேண்டிய கேள்வியாகத் தோன்றுகிறது.

குழுவின் அமைப்பு இது. ஒரே நிலையிலுள்ள, உறவினரல்லாத ஐவர் சேரவேண்டும். முதலில் இருவருக்குக் கடன் கிடைக்கும். அவர்கள் ஆறு வாரம் ஒழுங்காகத் தவணை செலுத்தினால் அடுத்த இருவருக்கு. குழுத் தலைவிக்குக் கடைசியில். ஒருத்தியின் கடனை மற்ற நால்வர் சட்டப்படி அடைக்கக் கடமைப்பட்டவர் அல்லர் என்று வங்கி சொல்கிறது. ஆயினும் ஒருத்தி தவறினால் மற்றவருக்கு அடுத்த பெருங்கடன் தடைப்படலாம் என்பதையும் நூல் மறைக்கவில்லை. சட்டத்தில் இல்லாத பிணை, வாழ்க்கையில் இருந்தது என்பதே இதன் பொருள்.

கடன் வாங்குவோர் யாவரும் நேர்மையானவர் என்று கொண்டே தம் வங்கி தொடங்குகிறது என ஆசிரியர் பெருமிதம் கொள்கிறார். வழக்கில்லை, அடமானமில்லை, நம்பிக்கை மட்டுமே என்கிறார். பெருமிதத்திற்கு இடமுண்டு. நிலமற்ற பெண்ணை நேர்மையானவள் என்று ஏற்ற வங்கி அதற்குமுன் அந்நாட்டில் ஏது? எனினும் யார் யாரை நம்பினார் என்று வினவ வேண்டும். வங்கி அப்பெண்ணை உண்மையிலேயே நம்பியிருந்தால், அவளோடு இன்னும் நால்வரை ஏன் கட்டினார்கள்? ஆளை விசாரிப்பது, செலவைக் கண்காணிப்பது, தவணையை நினைவூட்டுவது, தவறினால் வற்புறுத்துவது எல்லாம் வழக்கமாக வங்கி சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வேலைகள். குழுமுறையில் அவற்றுள் பெரும்பகுதியை அண்டை வீட்டார் சம்பளமின்றிச் செய்தனர். நம்பவேண்டிய பாரம் வங்கியின் தோளிலிருந்து ஏழைகளின் தோளுக்கு மாறியது. அதையே 'சமூக நம்பிக்கை' என்று வளர்ச்சித் துறையார் போற்றினர்.

அவர்கள் அவ்வாறு போற்றியதற்கு ஒரு கோட்பாடும் துணைநின்றது. இத்தாலியின் வட, தென் பகுதிகளை ஒப்பிட்டு ராபர்ட் பட்னம் 1993இல் வெளியிட்ட ஆய்வும், நம்பிக்கை பற்றி பிரான்சிஸ் புக்குயாமா 1995இல் வெளியிட்ட நூலும், மக்களிடையே நிலவும் நம்பிக்கையே நாட்டின் செல்வத்துக்கு வித்து என்று வாதிட்டன. அது ஒருவகை மூலதனம் என்ற பேச்சு அக்காலத்தில் பரவியது. இதில் உண்மையில்லை என்று சொல்லமாட்டோம். ஒருவரையொருவர் நம்பாத ஊரில் கிணறு தூர்வாரவும் ஆள் சேராது. தமிழில் 'நாணயம்' என்ற ஒரே சொல் காசையும் நேர்மையையும் குறிப்பதை எண்ணிப் பார்க்கலாம். நம் முன்னோர் இவ்வுறவைப் புத்தகம் படித்து அறியவில்லை. ஆனால் நம்பிக்கைக்கு மூலதனம் என்று பெயரிட்டவுடன் அதை முதலிடலாம், அடகு வைக்கலாம், மூழ்கவும் விடலாம் என்றாகிறது. மூழ்கினால் இழப்பு யாருக்கு என்பதைக் கோட்பாடு கேட்பதில்லை.

வங்கதேசத்திலேயே சிலர் கேட்டனர். பெண்களின் பெயரில் பெற்ற கடனில் கணிசமான பகுதி ஆண்களின் கைக்கே போகிறது என்று ஆன் மேரி கோட்ஸ், ரீனா சென்குப்தா ஆகியோர் 1996இல் எழுதினர். அமினுர் ரஹ்மான் டாங்காயில் பகுதிச் சிற்றூரொன்றில் தங்கி ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட நூல், தவணை நாளில் பெண்கள் மீது விழும் நெருக்கடியை விவரித்தது. லாமியா கரீம் 2011இல் வெளியிட்ட நூல் இன்னும் கூர்மையானது. சிறுகடன் நிறுவனங்கள் ஊர்ப்பெண்ணின் மானத்தையே பிணையாகக் கொண்டன என்பது அவர் வாதம். தவணை தவறியவளின் வீட்டுக்குள் குழுவினர் புகுந்து, பாத்திரம் பண்டங்களை எடுத்து, சில வேளைகளில் கூரைத் தகரத்தையும் பெயர்த்து விற்றுக் கடனைக் கழித்ததை அவர் பதிவு செய்தார். அதற்கு மக்கள் வழங்கிய பெயர் 'கர் பங்கா'. வீடு உடைத்தல் என்று பொருள். இஃது எங்கும் எப்போதும் நடந்தது என்று அவரும் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. உடைத்தவர்களும் ஏழைகளே, பெரும்பாலும் அண்டை வீட்டுப் பெண்களே என்பதுதான் நம்மை வருத்துகிறது. கிராமின் வங்கியின் பெருமையாக உலகெங்கும் எடுத்துச் சொல்லப்பட்ட 98 விழுக்காடு வசூலை இதை அறிந்தபின் முன்போல் படிக்க முடியவில்லை.

உபாகமம் 24ஆம் அதிகாரத்தில் கடனைப் பற்றி ஒரு சிறு கட்டளை உண்டு. நம் பிரசங்கங்களில் அது அரிதாகவே இடம்பெறுகிறது. கடன் கொடுத்தவன் அடகுப்பொருளை எடுக்க அயலானின் வீட்டுக்குள் நுழையலாகாது, வெளியே நிற்கவேண்டும், கடன்பட்டவனே அதை வெளியே கொண்டுவர வேண்டும். கடனை இக்கட்டளை தடுக்கவில்லை, அடகையும் தடுக்கவில்லை. வாசற்படியை மட்டும் காக்கிறது. கடன்பட்டவனுக்கும் தன் வீட்டில் எதைக் கொடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்பதை மதிக்கிறது. குழுக்கடனில் வாசற்படி எங்கே இருக்கிறது? உள்ளே வருபவள் அதிகாரியல்லள். நேற்று உப்புக் கேட்டு வந்த அதே அண்டை வீட்டுக்காரி. அவளை வாசலில் நிறுத்த எந்தச் சட்டத்தாலும் இயலாது.

ஆசிரியருக்கு நியாயம் செய்ய ஒன்று கூறவேண்டும். தம் முறையில் குறை உண்டென்பதை அவரது வங்கி அறிந்து திருத்தியது. குழு நிதிக்கெனப் பிடித்துவைத்த தொகையை விலகும்போது திருப்பித்தர வேண்டுமென்று 1995இல் பல இடங்களில் உறுப்பினர் கூட்டங்களுக்கு வாராமல் தவணையை நிறுத்தினர். 1998இன் பெருவெள்ளம் நாட்டின் பெரும்பகுதியை வாரக்கணக்கில் மூழ்கடித்தது. அதன்பின் 2001-02இல் வங்கி தன் விதிகளை மாற்றி, குழு நிதியை ஒழித்து, தவணை செலுத்த இயலாதவருக்குக் கடனை இளக்கித் தரும் வழியையும் வகுத்தது. குழுவைப் புகழ்ந்த உலகம் இத்திருத்தத்தை அவ்வளவு உரக்கப் பேசவில்லை.

பிணையற்ற ஏழைக்காக அயலார் பொறுப்பேற்பது ஜோப்ராவில் பிறந்த எண்ணமன்று. நம் சென்னை மாகாணத்துக்கு அது வந்து நூறாண்டு கடந்துவிட்டது. குடியானவரின் கடன் சுமையைத் தீர்க்க வழி காணுமாறு அரசு பணித்தபோது, பிரடெரிக் நிக்கல்சன் 1895இலும் 1897இலும் அளித்த அறிக்கைகளில் ஜெர்மனியின் ரைபைசன் முறையைப் பரிந்துரைத்தார். ரைபைசன் ஆழ்ந்த பக்தியுள்ள புரொட்டஸ்டண்டு. சிற்றூர்களின் நகரத்தலைவராக இருந்தவர். 1846-47இன் பஞ்சத்தில் தம் ஊராருக்கு மாவும் ரொட்டியும் கிடைக்கச் சங்கம் அமைத்தவர். அவரது கடன் சங்கங்களில் பொறுப்புக்கு வரம்பில்லை. சங்கம் முறிந்தால் ஒவ்வோர் உறுப்பினரின் உடைமையும் அதற்கு ஈடு. ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. அச்சங்கத்தில் ஊரின் வசதியுள்ளவரும் ஏழையும் ஒன்றாக இருந்தனர். பத்து ஏக்கர் உடையவர் கையெழுத்திட்டபோது தம் பத்து ஏக்கரையும் அயலானுக்காக வைத்தார். கிராமின் குழுவிலோ ஒரே நிலையிலுள்ள ஐவர் மட்டும். வசதியுள்ளவர் எவரும் அதில் இல்லை.

நம் நாட்டில் ரைபைசன் முறை தழைத்ததா? 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டிலேயே திரூரில் சங்கம் தோன்றியது. கே. டி. பால் போன்ற கிறிஸ்தவத் தலைவர்கள் கிராமப்புற ஏழைகளை மனத்திற்கொண்டு கூட்டுறவுக் கடனைப் பரப்ப உழைத்தனர். எனினும் அரை நூற்றாண்டுக்குப்பின், 1951-52இன் நிலையை ஆராய்ந்த அகில இந்தியக் கிராமக் கடன் ஆய்வு, கிராமத்தார் பெற்ற கடனில் சுமார் 3 விழுக்காடே கூட்டுறவிலிருந்து வந்தது என்று கண்டது. காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றை நாம் தயங்காமல் சொல்லவேண்டும். நிலமுடையோர் தமக்குள் பிணை நின்றுகொண்டனர். சேரியைச் சேர்ந்தவனுக்காகக் கையெழுத்திட எழுந்த நிலக்கிழார் எத்தனை பேர்? ஊர் நம்பிக்கை என்று நாம் புகழ்வது பல வேளைகளில் சாதி நம்பிக்கையே. ஆகையால் பழைய முறைக்குத் திரும்பினால் போதும் என்று வாதிட நமக்கு உரிமையில்லை.

பின்வந்த வரலாறு நம் அண்டை மாநிலத்தில் நடந்தது. ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் அரசே ஊக்குவித்த மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஊர்தோறும் இருந்தன. அந்நிலத்தில் தனியார் சிறுகடன் நிறுவனங்கள் விரைந்து நுழைந்து, ஏற்கெனவே பழகிய பெண்களுக்கே கடன்மேல் கடன் கொடுத்தன. ஒரு கடனின் தவணைக்கு மற்றொரு கடன். 2006இல் கிருஷ்ணா மாவட்டத்தில் நெருக்கடி வெடித்தது. பாடம் கற்பார் இல்லை. 2010 ஆகஸ்டில் எஸ்.கே.எஸ். என்னும் நிறுவனம் தன் பங்குகளைச் சந்தையில் விற்றுப் பெருந்தொகை திரட்டியது. அக்டோபரில், கடன் நெருக்கடியால் பெண்கள் தற்கொலை செய்துகொண்டனர் என்ற செய்திகளுக்கிடையே, மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. தவணையை வீட்டில் சென்று வாங்கக்கூடாது, பஞ்சாயத்து அலுவலகம் போன்ற பொது இடத்திலேயே பெறவேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. உபாகமத்தின் வாசற்படி மறுபடியும் ஒரு சட்டத்தில் இடம்பெற்றதைக் கண்டு வியந்தோம். சிறுகடனைப் பெருலாபத் தொழிலாக்கியதை யூனுஸும் 2011 தொடக்கத்தில் எழுத்தில் வன்மையாகக் கண்டித்தார். அவர் கண்டனம் நேர்மையானது. எனினும் அந்நிறுவனங்கள் கையாண்ட கருவி அவர் புகழ்பெறச் செய்த குழுவே என்பதை அவர் போதிய அளவு எதிர்கொண்டதாகத் தெரியவில்லை.

இத்தோடு நிறுத்தினால் சிறுகடன் முழுவதும் தீமை என்ற எண்ணம் எழும், அதுவும் உண்மையன்று. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ, ரேச்சல் கிளென்னர்ஸ்டர், சிந்தியா கின்னன் ஆகியோர் ஐதராபாத்தின் 104 எளியோர் குடியிருப்புகளில் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வு, சிறுகடனால் குடும்பத்தின் மொத்தச் செலவிலோ பிள்ளைகளின் கல்வியிலோ பெண்களின் நிலையிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை என்றது. வறுமையை அருங்காட்சியகத்துக்கு அனுப்புவோம் என்ற யூனுஸின் முழக்கத்துக்கு இது பெரிய அடி. ஆனால் அதே கின்னன், எமிலி பிரெசாவுடன் சேர்ந்து 2021இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு வேறொன்றைக் காட்டியது. ஆந்திரச் சட்டத்தின் விளைவாகச் சிறுகடன் வற்றியபோது, அதை நம்பியிருந்த பிற மாநில மாவட்டங்களில் கூலியாட்களின் வருமானம் குறைந்தது. கடை வைத்திருந்தவர் கடன் பெறவில்லை. ஆகவே கூலிக்கு ஆள் வைக்கவில்லை. கடனைத் தூற்றிப் பிரசங்கிப்பது எளிது. கடன் நின்றால் முதலில் பட்டினி கிடப்பவன் யார் என்பதையும் பிரசங்கி அறிந்திருக்கவேண்டும்.

பிணையைப் பற்றித் திருமறை இருவிதமாகப் பேசுவதுபோல் தோன்றும். நீதிமொழிகள் பிணைப்படுவதைத் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது; 22ஆம் அதிகாரத்தில் படுக்கையே பறிபோகும் என்கிறது. மறுபுறம் யூதா தன் தம்பி பென்யமீனுக்காகப் பிணை நிற்கிறான். பவுல் ஒநேசிமுவின் கடனைத் தன் கணக்கில் எழுதச் சொல்லித் தன் கையாலேயே எழுதித்தருகிறான். எபிரெயர் நிருபம் இயேசுவையே பிணையாளி என்கிறது. வகுப்பில் மாணவர் இதை முரண்பாடு என்றனர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. நீதிமொழிகள் எச்சரிப்பது, செலுத்த ஒன்றுமில்லாமல் பிறருக்காகக் கையடித்துக் கொடுப்பவனை. யூதாவும் பவுலும் தாங்கக்கூடிய இடத்திலிருந்து தாங்கமுடியாதவனுக்காக நிற்கின்றனர். திருமறையில் பிணை மேலிருந்து கீழே இறங்குகிறது. குழுக்கடனில் அது கீழேயே சுற்றிவருகிறது. மேலே இருப்பவருக்கு வட்டி மட்டும் போய்ச் சேருகிறது.

இதை வெளியிலிருந்து நியாயம் தீர்ப்பவராக எழுத நமக்கு வாயில்லை. நாம் ஊழியம் செய்யும் சேகரத்தின் சபை மண்டபத்தில் ஆண்டுக்கணக்காக வியாழக்கிழமை காலைகளில் ஒரு சிறுகடன் நிறுவனத்தின் குழுக்கூட்டம் நடந்துவந்தது. வாடகை வாங்கவில்லை. நம் பெண்கள் கந்துவட்டியிலிருந்து தப்பினர் என்று மகிழ்ந்து ஆண்டறிக்கையிலும் எழுதினோம். பிறகு ஒரு சகோதரி ஆராதனைக்கு வருவதை நிறுத்தினார். உடல்நலமில்லை என்றார்கள். சென்று பார்த்தோம், உடல்நலம் நன்றாகவே இருந்தது. கட்டட வேலையில் கணவருக்குக் கை முறிந்து நான்கு தவணை நின்றுபோயிருந்தது. நான்காம் வாரம், பணம் வரும்வரை குழுவிலுள்ள மற்ற ஒன்பது பேரையும் மண்டபத்திலிருந்து எழவிடவில்லை. மதியம் மூன்று மணிக்கு அவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கட்டிவிட்டு, அவர் வீட்டு வாசலில் நின்று பேசக்கூடாததெல்லாம் பேசிவிட்டுப் போயிருந்தனர். ஒன்பது பேரில் ஆறு பேர் நம் சபையார். ஞாயிற்றுக்கிழமை இராப்போஜனப் பந்தியில் அவர் அவர்களோடு முழங்காலிடவேண்டும். "எப்படி ஐயா வர்றது?" என்று கேட்டார். அந்த ஆறு பேரும் தீயவர் அல்லர். அவர்களுக்கும் அடுத்த வாரத் தவணை இருந்தது.

நெகேமியா 5ஆம் அதிகாரத்தில், பிரபுக்களைக் கடிந்துகொள்ளும் ஆளுநன் தானும் தன் சகோதரரும் கடன் கொடுத்தவர்களே என்பதை ஒளிக்காமல் சொல்கிறான். மண்டபத்தின் சாவி நம் கையில் இருந்ததை எண்ணியபோது அப்பகுதி நமக்கு விளங்கியது.

இந்திய ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட விதிகள் நினைவிற்கொள்ளத் தக்கவை. ஆண்டு வருமானம் 3 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துக்கு ஈடின்றித் தரும் கடனே சிறுகடன். குடும்பத்தின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டலாகாது. கடுமொழியும் மிரட்டலும் கூடா. தமிழ்நாடு சட்டமன்றமும் 2025இல் வன்வசூலைத் தண்டிக்கும் சட்டம் இயற்றியது. ஆயர்கள் இவற்றை அறிந்து சபைப் பெண்களுக்குச் சொல்வது நலம். ஆனால் அதிகாரியின் கடுமொழியைத் தடுக்கும் சட்டம் அண்டை வீட்டாளின் கடுமொழியை எட்டுவதில்லை.

வகுப்பு முடிந்தபின் சேகரக் கமிட்டிக்கு ஓர் எளிய யோசனையைக் கொண்டுபோனோம். சேகரத்துக்கு வங்கியில் நிலை வைப்புத்தொகை உண்டு. அதில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, நோய், விபத்து, மரணம் நேர்ந்த வீடுகளின் தவணைக்குச் சேகரமே சில மாதங்கள் பொறுப்பேற்கலாம். சாதி, சபைப் பிரிவு பாராமல், குழுவிலுள்ள எல்லாப் பெண்களுக்கும். ஜோப்ராவில் பேராசிரியர் இட்ட கையெழுத்தைத் திருச்சபை இடலாமே என்பதே எண்ணம். கமிட்டியார் பொறுமையாகக் கேட்டனர். முதலில் எழுந்த கேள்வி, அவர்கள் பிறகும் கட்டாவிட்டால் யார் பொறுப்பு என்பது. வைப்புத்தொகை முன்னோர் கோபுரத்துக்கென்று சேர்த்தது என்பதை ஒருவர் நினைவூட்டினார். மற்றொருவர், ஆறு மாதத்துக்கு மட்டும் முயன்று பார்க்கலாம் என்றார். பொருளாளர் இரண்டையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பொருள் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. வியாழக்கிழமைக் கூட்டம் இப்போது மண்டபத்தில் நடப்பதில்லை. தெருக்கோடியிலுள்ள ஒரு வீட்டுத் திண்ணையில் நடக்கிறது.